சலாம் சொன்ன காகிதம்

நெலும்தா என்று பெயர் சொல்லிக் கேட்டால் அம் சிதர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "பெட்டிக்காரி எங்கே?" என்று கேட்டால் ஆடு ஓட்டிப் போகிறவர்கூடக் கை காட்டுவார். அவள் தோளில் எப்போதும் ஒரு நீலப் பெட்டி தொங்கும். உள்ளே பனிக்கட்டி, பனிக்கட்டிக்கு நடுவில் தடுப்பூசிக் குப்பிகள். சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவது அவள் வேலை.

அவள் பிறந்தது சாட் நாட்டின் தெற்கே, லோகோன் ஆற்றங்கரையில். ஆழ்துளைக் கிணறுகளின் பம்பு பழுதுபார்க்கும் லாவுகேனைக் கட்டிக்கொண்டு, அவனுக்கு வேலை கிடைத்த இந்த வறண்ட ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புவரை பிரெஞ்சு படித்தவள். வீட்டில் தாய்மொழி. வெளியே சந்தை அரபு. உப்பு என்ன விலை, வழி எது, பிள்ளைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதுவரை அந்த அரபு அவளைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்குமேல் ஒரு படி ஏறினால் கீழே போட்டுவிடும். பெண்ணை "வந்தான்" என்பாள், ஒட்டகத்தை "வந்தாள்" என்பாள். சந்தையில் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுக் காய்கறியை வாங்கிக்கொண்டு வருவாள்.

அப்படிச் சிரித்து மழுப்ப முடியாத நாள் ஒன்று ஒரு நவம்பரில் வந்தது.

மழைக்காலம் முழுக்க வடக்கே மேய்த்துவிட்டு, நவம்பரில் மாடுகளோடு தெற்கே இறங்கும் நாடோடி அரபுகள் ஊருக்கு வெளியே, தண்ணீர் வற்றிய மணலாற்றின் ஓரமாகப் பத்து நாள் கூடாரம் போடுவார்கள். பிஷாரா என்பவரின் முகாம் அதில் பெரியது. தட்டம்மை ஊசிக்கான நாள் அது. நிலையத்தின் தலைமைச் செவிலியர் நாஜிலெமும் நெலும்தாவும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். நாஜிலெமும் தெற்கத்திக்காரர்தான். அவருடைய அரபு நெலும்தாவுடையதைவிட மோசம். அதனால் வட்டாரத் தலைவர் தம் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஆண்கள் மாடுகளோடு கிணற்றுக்குப் போயிருந்தார்கள். பிஷாரா மட்டும் வந்து, "பிள்ளைங்க விஷயம் பொம்பளைங்க விஷயம். அவங்க சரின்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண்கள் கமீசாவைப் பார்த்தார்கள். நெட்டையான, எலும்பு தெரியும் முகம் கொண்ட கமீசா நான்கு பிள்ளைகளின் தாய். அந்த முகாமில் அவள் தலையசைத்தால் மற்றவர்களும் அசைப்பார்கள்.

"காகிதம் என்ன சொல்லுது?" என்றாள் கமீசா.

"தலைவர் சொல்லுது. பிள்ளைக்கு ஊசி போடு. நல்லது" என்றாள் நெலும்தா.

"தலைவர் சொல்றாரா, நீ சொல்றியா?"

"காகிதம் சொல்லுது."

"அப்ப படி."

நெலும்தா காகிதத்தைப் பார்த்தாள். புள்ளியும் வளைவுமாக ஏதோ ஓடியது. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்பதே முத்திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது. நாஜிலெம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

கமீசா காகிதத்தைப் பிடுங்கிக் காதோரம் வைத்துக் கேட்டாள். "ஒரு சத்தமும் இல்லையே!" பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "வரி கேட்டு வந்தவனும் இப்படித்தான் காகிதத்தத் தூக்கிக் காட்டினான். எங்க மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட வந்தவனும் காட்டினான். ஒரு காகிதமும் இதுவரைக்கும் எங்ககிட்ட வாயத் திறந்தது கிடையாது. கொண்டு வர்றவன்தான் திறக்கிறான். போ தாயி, வெயில் ஏறுது."

அவர்கள் திரும்பினார்கள். குப்பிகள் அப்படியே பெட்டியில் இருந்தன.

மார்ச் கடைசியில் பால் விற்க வந்த பெண்கள் சேதி சொன்னார்கள். தெற்கு மேய்ச்சலில் பிஷாராவின் முகாமில் தட்டம்மை இறங்கியிருக்கிறது. ஆறு பிள்ளைகள் போய்விட்டார்கள். அதில் ஒருவன் கமீசாவின் கடைசி மகன்.

நெலும்தா அன்று வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியைக் கழுவிக் காயவைத்தாள். காய்ந்ததை மறுபடி கழுவினாள். நாஜிலெம் பார்த்துவிட்டு, "உன் தப்பு இல்ல நெலும்தா. ஊசி போடுறதுதான் நம்ம வேலை. வேண்டாம்னவங்க கைய முறுக்கிப் போட முடியுமா?" என்றார்.

"படின்னாங்களே அண்ணே. வேண்டாம்னா சொன்னாங்க? படின்னுதான் சொன்னாங்க."

"அடுத்த தடவை படிக்கத் தெரிஞ்ச ஊர்க்காரன் ஒருத்தனக் கூட்டிட்டுப் போவோம்."

"ஊர்க்காரனையா? அவங்க மாடு நம்மூர்க் கம்புக் கொல்லையில இறங்கி, தலை உடைஞ்சு, அந்த வழக்கு இன்னும் நடக்குது. ஊர்க்காரன் படிச்சா அதுக்கு ரெண்டு அர்த்தம் கண்டுபிடிப்பாங்க."

"அப்ப யார் படிக்கிறது?"

"நவம்பருக்கு இன்னும் ஏழு மாசம் இருக்குல்ல?" என்றாள் நெலும்தா.

நாஜிலெமுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். "அரபு எழுத்தையா? அது கழுத வாலப் புடிச்சு வீடு போய்ச் சேர்ற வேலை, அம்மா."

"கழுத வீட்டுக்குத்தானே அண்ணே போகுது" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாரம் நான்கு நாள், மாலைத் தொழுகைக்கு முன்னால், பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பு நடந்தது. நடத்தியவள் கல்தூமா. இருபத்திரண்டு வயது, மெல்லிய குரல். பயிற்சியில் கற்றுக்கொண்டபடி முழுச் சொற்களைப் படத்தோடு எழுதிய அட்டைகளைத்தான் முதலில் அவள் சுவரில் மாட்டினாளாம். சந்தைப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் அச்தே எழுந்து நின்று, "இந்தப் படமெல்லாம் எதுக்கும்மா? குரான் ஓதுற பிள்ளைங்க பாடுமே, அதச் சொல்லிக் குடு. பாட்டில்லாம எழுத்து எப்படி உள்ள இறங்கும்?" என்றாள். அட்டைகள் கீழே இறங்கின, பாட்டு ஏறியது.

அந்தப் பாட்டு அந்தப் பக்கத்துக் காதுகளுக்கெல்லாம் பழக்கம். ஊரிலும் சரி, நாடோடி முகாமிலும் சரி, மரப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அதைத்தான் கத்துவார்கள். அலிஃபுக்குப் புள்ளி ஒன்றுமில்லை. பாவுக்குக் கீழே ஒன்று. தாவுக்கு மேலே இரண்டு. புள்ளிகள் பழகிய பிறகு எழுத்தைக் கூட்டும் பாட்டு வரும்: பாவுக்கு மேலே கோடு, ப. பாவுக்குக் கீழே கோடு, பி. பாவுக்கு மேலே கொக்கி, பு. எழுத்து இரட்டித்தால் அதன் மேலே பல்.

நெலும்தா முதல் நாள், அரபு வலமிருந்து ஓடுவதை மறந்து, நோட்டுப் புத்தகத்தைப் பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து திறந்தாள். மூன்று வாரம் அப்படியே திறந்தாள். கல்தூமா ஒவ்வொரு முறையும் வந்து பேசாமல் புத்தகத்தைத் திருப்பி வைப்பாள். நெலும்தாவுக்கு வெட்கமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் படித்தவள் அவள். பக்கத்தில் இருந்த அச்தே பிறந்ததிலிருந்து பேனாவைத் தொட்டதில்லை. ஆனால் "பால்" என்று கூட்டியதும் அச்தேவுக்குப் பால் தெரிந்துவிடும். நெலும்தாவுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். ஒருத்திக்கு மொழி இருந்தது, எழுத்து இல்லை. இன்னொருத்திக்கு எழுத்து வந்துகொண்டிருந்தது, மொழி முக்கால்வாசி இல்லை. இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி காப்பியடித்தார்கள்.

தொண்டையிலிருந்து எழும் எழுத்துகள்தான் நெலும்தாவைப் படாத பாடு படுத்தின.

"தெற்கத்தி ஆளுங்களுக்கு நாக்குல மீன்முள்ளு குத்தி நிக்குது. அதான் வரல" என்பாள் அச்தே.

"உங்க தொண்டையில ஒட்டகம் படுத்துக் கிடக்குது. அதான் உங்களுக்கு வருது" என்பாள் நெலும்தா.

"அக்கா, ரெண்டு பேரும் வாய மூடிட்டு எழுதுங்க" என்பாள் கல்தூமா. உடனே அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

மழை வந்தது. சாலை அறுந்து மருந்து லாரி ஒரு மாதம் வரவில்லை. அச்தேவின் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. ஒரு நாள் கல்தூமாவும் நெலும்தாவும் மட்டும், ஒழுகாத மூலையில் இரண்டு நாற்காலி போட்டுப் படித்தார்கள். நெலும்தா துணி துவைக்கும்போது பாடினாள், கம்புக் களி கிண்டும்போது பாடினாள். "தூக்கத்துல என் முதுகுல கோடு போடுற. மேல போட்டியா கீழ போட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் லாவுகேன். அவளுடைய இரண்டு மகள்களும் கேலியாகச் சேர்ந்து பாடப்போய், அவளுக்கு முன்னாலேயே பாதி எழுத்தைப் பிடித்துவிட்டார்கள். அது அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அக்டோபரில் கல்தூமா ஒரு உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, நீங்க கோடும் கொக்கியும் போட்ட எழுத்தத்தான் படிப்பீங்க. பிள்ளைங்க பலகையில அப்படித்தான் இருக்கும். பெரியவங்க கடிதத்துல அதெல்லாம் போடமாட்டாங்க. தெரிஞ்சவங்க தாங்களே போட்டுப் படிச்சுக்குவாங்க. அந்த இடத்துக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"எனக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு."

"அப்ப கடிதத்த மாத்தணும்" என்றாள் கல்தூமா, விளையாட்டாக.

நெலும்தா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே வட்டாரத் தலைவரின் வாசலுக்குப் போனாள். அங்கே வேப்பமர நிழலில், கம்பளத்தின்மேல், மைக்கூடும் தாளுமாக எழுத்தர் ஸக்கரியா உட்கார்ந்திருந்தார். அவருடைய கையெழுத்தைப் பார்க்கவென்றே சிலர் திருமண அழைப்பு எழுதிவாங்க வருவார்கள்.

"ஐயா, பிஷாரா முகாமுக்குத் தலைவர் தர்ற கடிதத்துல கோடு, கொக்கி எல்லாம் போட்டு எழுதணும். எழுத்தும் கொஞ்சம் பெருசா."

ஸக்கரியா நிமிர்ந்தார். "தலைவரோட கடிதத்த? பிள்ளைப் பலகை மாதிரியா?"

"ஆமாங்க ஐயா."

"முத்திரை குத்துற கடிதத்துல கொக்கி போட்டா, வாங்குறவன் என்ன நினைப்பான்? என்னை முட்டாள்னு நெனச்சுட்டார் தலைவர்னு நினைப்பான். முப்பது வருஷமா எழுதுறேன். போம்மா."

அவள் போகவில்லை. அவருடைய தலைக்குமேல் மரத்தில் ஓர் அறிவிப்பு ஆணியடித்திருந்தது. கோடில்லை, கொக்கியில்லை. நெலும்தா தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க அதைப் படிக்க ஆரம்பித்தாள். கோடு இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி, கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கிணற்றில் கால்நடை இறங்கக் கூடாது என்ற அறிவிப்பு அவள் வாயில் இந்த உலகத்தில் இல்லாத ஒரு மொழியாக மாறியது. காத்திருந்த இரண்டு கிழவர்கள் தலைப்பாகை நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டார்கள். ஸக்கரியா முதல் வரி வரைக்கும் பொறுத்தார். இரண்டாவது வரியில் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.

"நிறுத்து! நிறுத்தும்மா! என் எழுத்தோட கழுத்த அறுக்காத!"

"கடிதத்தையும் இப்படித்தான் ஐயா படிப்பேன். முகாம் முழுக்க உக்காந்து கேப்பாங்க. யார் எழுதினதுன்னும் கேப்பாங்க."

அவர் அவளை முறைத்தார். பிறகு தடித்த பேனாவைத் தேடி எடுத்தார். "உக்காரு. தலைவர் வந்ததும் என்ன எழுதணும்னு நீயே அவர்கிட்டச் சொல்லு. கொக்கி போடுறேன். ஆனா இதுல என் பேரு மட்டும் இருக்காது."

நவம்பர் பன்னிரண்டாம் தேதி காலை பிஷாராவின் முகாம் மணலாற்றங்கரையில் இறங்கியிருந்தது. பெட்டியில் எட்டுக் குப்பிகள். ஒரு குப்பி பத்துப் பிள்ளைகளுக்கு. மருந்தைக் கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பனிக்கட்டி பிற்பகல் மூன்று மணிவரை தாங்கும். நாஜிலெம் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். நெலும்தாவின் வாய்க்குள் கடிதத்தின் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது.

கமீசா மெலிந்திருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கூடாரங்களின் முன்னால் பெண்கள் தயிர்ச் சுரைக்குடுவைகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"பெட்டிக்காரி வந்துட்டா. இந்த வருஷமும் காகிதம் இருக்கா?" என்றாள் ஒருத்தி.

"இருக்கு."

"ஊமைக் காகிதம்தானே?"

நெலும்தா காகிதத்தைப் பிரித்தாள். நின்றபடி, முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். அதில் ஆரம்பித்தாள்.

"அலிஃபுக்கு மேலே கோடு, அ..."

உடனே சிரிப்பு வெடித்தது. "ஐயோ, இது பச்சப்புள்ளப் பாட்டு! தாடி முளைச்ச சர்க்கார் காகிதத்துக்குப் பச்சப்புள்ளப் பாட்டு!" ஒருத்தி குடுவையைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டினாள். நாஜிலெமின் முகம் சுருங்கியது. நெலும்தாவின் காதும் சுட்டது. ஆனால் விரலை எடுத்தால் இடம் தவறிவிடும் என்ற பயத்தில் அவள் நிமிரவே இல்லை.

"ஸீனுக்கு மேலே பல்லு, பல்லுக்கு மேலே கோடு, ஸ்ஸ. லாமுக்கு மேலே கோடு, பின்னால அலிஃப், லா. மீமுக்கு மேலே கொக்கி, மு..."

நெலும்தா யோசித்திராத ஒன்று அப்போது நடந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியும் பலகை பிடித்தவள் இல்லை. ஆனால் பால் கறக்கும்போதும் பாய் முடையும்போதும் இருபது முப்பது வருடமாக இந்தப் பாட்டு அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. எழுத்தைக் கண்ணால் பார்க்காமலேயே, காதால் கேட்டதைக் கூட்டிச் சொல்லாக்க அவர்களுக்குத் தெரியும். குடுவை குலுக்கியவள் கையை நிறுத்தி, "அஸ்ஸலாமு" என்றாள். நெலும்தா இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை.

அடுத்த சொல்லை நெலும்தா தொடங்கினாள். தொண்டை எழுத்து, ஒட்டகம் படுத்துக் கிடக்கும் இடம். அது அரைகுறையாக வந்தது. லாம் வந்தது, யா வந்தது, காஃப் வந்தது. அவள் மீமில் விரல் வைப்பதற்குள் மூன்று நான்கு குரல்கள் சேர்ந்து சொல்லி முடித்தன: "அலைக்கும்!"

"வ அலைக்குமுஸ் ஸலாம்" என்றாள் கமீசா.

அவள் நினைத்துச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய், தானே சொல்லிவிட்டது. சிரிப்பு நின்றது.

"கமீசா, பதில் சலாம் சொல்லிட்டே" என்றாள் பக்கத்தில் இருந்தவள் மெதுவாக.

"யாருக்குச் சொன்னேன்?"

"காகிதத்துக்கு."

கமீசா சுற்றிலும் பார்த்தாள். அந்த முகாமில் சலாமுக்குப் பதில் வாங்கியவர் எதிரியே ஆனாலும் விருந்தாளி. வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவரை அனுப்ப முடியாது. மாடு திருடியவனுக்குக்கூட அந்த மரியாதை உண்டு. காகிதத்துக்கு இல்லை என்று யாரும் எங்கும் சொல்லி வைக்கவில்லை.

"என் வாயைத்தான் தைக்கணும்" என்று முணுமுணுத்தாள் கமீசா. பிறகு உரக்க, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பாய் போடுங்க" என்றாள்.

பாய் வந்தது. விருந்தாளிக்குப் போடும் நல்ல பாய். நெலும்தா உட்கார்ந்து காகிதத்தை நடுவில் விரித்தாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒருத்தி நான்கு மூலையிலும் தேநீர்க் கண்ணாடிகளைக் கவிழ்த்து வைத்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அவர்கள் தோள்களில் தொங்கினார்கள்.

ஒவ்வோர் எழுத்தாக நெலும்தா கொடுத்தாள். ஒவ்வொரு சொல்லாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிஷாராவின் பெயர் வந்தபோது கைதட்டினார்கள். ஓரிடத்தில் அவள் கொக்கியைக் கோடாகப் பார்த்துவிட்டாள்.

"அப்படி ஒரு சொல்லே கெடையாது" என்றாள் குடுவைக்காரி கண்டிப்பாக. "நல்லாப் பாரு."

நெலும்தா குனிந்து பார்த்தாள். "கொக்கிதான். தப்பாச் சொல்லிட்டேன்."

"பாத்தியா!" என்று குடுவைக்காரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இவ தப்பாச் சொன்னா. காகிதம் சரியாத்தான் சொல்லியிருக்கு."

கமீசா அதைக் கேட்டு நெலும்தாவின் முகத்தை முதல் முறையாக உற்றுப் பார்த்தாள்.

அடுத்த வரி: "உங்கள் முகாமில் ஆறு பிள்ளைகளின் குரல் இல்லை என்று கேட்டேன்." ஆறு என்ற சொல்லின் எழுத்துகளை நெலும்தா சொல்லி முடித்தும் யாரும் கூட்டிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைசியில் கமீசாதான் சொன்னாள். "ஆறு." பிறகு, "மேல படி" என்றாள்.

தலைவர் வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் அவர் கண்ணெதிரே ஊசி போட்டது, ஓரிருவருக்கு ஒரு நாள் உடம்பு சுட்டது, மறுநாள் எல்லோரும் மணலில் உருண்டது, உங்கள் பிள்ளைகளுக்கும் போடுங்கள் என்பது, முத்திரை. அவ்வளவுதான் கடிதம். ஐந்து வரியைப் படிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாஜிலெம் பெட்டியின் மூடியை நிழல் பக்கமாக மூன்று தரம் நகர்த்தினார்.

"போன வருஷக் காகிதமும் இதத்தான் சொல்லுச்சா?" என்றாள் கமீசா.

நெலும்தா காகிதத்திலிருந்து விரலை எடுத்தாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவள் அதைப் படித்ததே இல்லையே.

"தெரியாது, அக்கா. இதத்தான் சொல்லுச்சுன்னு எனக்குச் சொன்னாங்க. எனக்கு அப்பப் படிக்கத் தெரியாது. நீங்க படின்னீங்க, என்னால முடியல. அதுக்கப்புறம்தான் படிச்சேன்."

அவள் இதைத் தப்பில்லாத அரபில் சொன்னாள். தான் அப்படிச் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. அக்கா, அண்ணனாக மாறாமல் அக்காவாகவே வந்தது.

கமீசா குழந்தையின் தலையைத் தடவினாள். குழந்தையின் சட்டைக் கையை மெதுவாகத் தோள்வரை சுருட்டினாள்.

"இவளுக்கு முதல்ல போடு. ரவ்தா இவ பேரு. அழுவா. அழுதா அழட்டும்."

நாஜிலெம் முதல் குப்பியைக் கலக்கினார். ரவ்தா முகாம் அதிர அழுதாள். அதைக் கேட்டு ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடி மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்தார்கள். அம்மாக்கள் அவர்களைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கமீசா கூடாரம் கூடாரமாக நுழைந்து பாய்களைத் தூக்கிப் பார்த்தாள். "இங்க ஒண்ணு! கட்டிலுக்கடியில இன்னொண்ணு!" கிணற்றிலிருந்து வந்த பிஷாராவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவரே தம் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண், "மாமா, காகிதத்துக்கு சலாம் சொன்னீங்களா? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு நாஜிலெம் தாளில் போட்ட கோடுகளை எண்ணினார். ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினார். "ஐம்பத்தெட்டு, நெலும்தா. ஒண்ணு பாக்கி இல்ல." ஒன்பது வருடத்தில் அவர் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை. "இந்த முகாம்ல ஒரு பிள்ளை பாக்கி இல்ல!"

நெலும்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தாள். யாரோ ஒரு பெரிய சுரைக்கிண்ணத்தில் பால் கொடுத்தார்கள். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

"பெட்டியில இன்னும் இருக்கா?" என்றாள் கமீசா.

"ரெண்டு குப்பி. இருபது பிள்ளைக்கு வரும். மூணு மணிவரைக்கும் தாங்கும்."

கமீசா மணலாற்றுக்கு எதிர்க்கரையைக் காட்டினாள். அங்கே பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள். "அது என் நாத்தனார் முகாம். என்னைவிடப் புடிவாதக்காரி. எந்திரி."

"இந்தக் கடிதம் அவங்களுக்கு எழுதினதில்லையே."

"சலாம் எல்லாருக்கும் எழுதினதுதானே? நீ நடந்துகிட்டே பாடு. நாங்க சேத்துச் சொல்றோம்."

அவர்கள் இறங்கினார்கள். முன்னால் கமீசா, உடம்பைச் சுற்றிய லாஃபாய்த் துணியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் காகிதத்தை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி நெலும்தா. அதற்குப் பின்னால் பதினைந்து இருபது பெண்கள், கடைசியில் நீலப் பெட்டியைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் மூச்சிரைக்க நாஜிலெம். நெலும்தா தன்னால் முடிந்த மட்டும் உரக்கப் பாடினாள். அலிஃபுக்கு மேலே கோடு. ஸீனுக்கு மேலே பல். பெண்கள் ஒரே குரலாகச் சொல்லைக் கூட்டிச் சொன்னார்கள்.

பாதி மணலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். எதிர்க்கரையில் கூடாரத் திரையை விலக்கி ஒரு பெண் வெளியே வந்தாள், கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள், பிறகு அங்கிருந்தே கத்தினாள்:

"வ அலைக்குமுஸ் ஸலாம்! யாரு வர்றீங்க?"